எண்ணூர் ஆவணக் குவியலுக்குள் டேட்டாஷேர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

வடசென்னையில் உள்ள எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிப் பொதுவெளியில் கிடைக்கும் ஆவணங்கள் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள், கருத்துக்கேட்புக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், அனுமதிக் கடிதங்கள், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள், தீர்ப்பாயம் அமைத்த குழுக்களின் அறிக்கைகள் என எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. இல்லாதவற்றை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். ஆனாலும், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாயில் கசிவு என்று எந்தெந்த ஆண்டில் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று மீனவர் பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டபோது, அந்த 600-க்கும் மேற்பட்ட கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் டேட்டாஷேர் என்னும் மென்பொருளை நிறுவினேன். திருவொற்றியூரில் ஒரு பழைய மடிக்கணினியில் ஓராண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

பன்னாட்டுப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு உருவாக்கி இலவசமாக வெளியிட்டிருக்கும் மென்பொருள் இது. வெளிநாட்டு நிழல் நிறுவனங்களைப் பற்றிக் கசிந்து 2016-இல் வெளிவந்த பனாமா ஆவணங்கள் 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் என்றால், அவற்றைப் படித்து முடிப்பது பத்திரிகையாளர்களுக்கு எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வேலைகளைச் செய்த கூட்டமைப்பின் கருவி, நம் கையில் உள்ள சில நூறு கோப்புகளைத் திணறாமல் ஏற்றுக்கொள்கிறது. கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும். வேறு எந்த நிறுவனத்தின் சேவையகத்துக்கும் போவதில்லை. ஒரு கோப்புறையைக் காட்டினால், உள்ளே இருக்கும் பி.டி.எஃப்., வேர்டு, எக்செல், மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் எழுத்தைப் பிரித்தெடுத்துத் தேடுவதற்கேற்ற சொல்லடைவாக்கி வைக்கிறது. எழுத்து இல்லாமல் படமாக மட்டும் இருக்கும் பக்கங்களை டெசராக்ட் என்னும் எழுத்துணரியைக் கொண்டு படிக்கிறது. தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த எழுத்துணரியின் தமிழ்க் கோப்பு கணினியில் இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்கள் அதிகம் என்பதால் என் கணினி இரண்டு இரவுகள் ஓடியது.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இனி வரும் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1999-இல் தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியாக்கங்களை, அதாவது தமிழ் எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறைகளை, ஏற்றது. 2010-இல்தான் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பும், பழக்கத்தின் காரணமாக அதற்குப் பின்பும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகள் ஏராளம். திரையில் அவை அழகான தமிழாகத் தெரியும். ஆனால் மென்பொருள் அவற்றைத் திறந்தால் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கட்டங்களுமாகக் கொட்டும். 'எண்ணூர்' என்று தேடினால் அப்படிப்பட்ட கோப்பு ஒன்றுகூட வராது. அதைப் பார்த்துவிட்டு நம் ஊரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். முதல் மாதம் முழுக்க நான் செய்த தவறு இதுதான். பிறகு அத்தகைய கோப்புகளைத் தனியே பிரித்து, சிலவற்றைப் பழைய குறியாக்கத்தை யூனிகோடாக்கும் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்னும் மென்பொருளில் மாற்றினேன், மற்றவற்றைப் படமாக்கி எழுத்துணரியிடம் கொடுத்தேன். எழுத்துணரியும் 'ர'-வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும் என்பதால், முக்கியமான பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே பயன்படுத்துகிறேன்.

மென்பொருளுக்குத் தமிழ் வேற்றுமை உருபு தெரியாது. 'எண்ணூர்' என்று இட்டால் 'எண்ணூரில்', 'எண்ணூருக்கு' ஆகியவை அகப்படமாட்டா. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு, 'எண்ணூர' என்று எழுதி நட்சத்திரக் குறி இட்டால் எல்லாம் வந்துவிடும். 'கொசஸ்தலையாற' என்று எழுதி நட்சத்திரம் இட்டால் ஆறும் வரும், ஆற்றிலும் வரும். இந்தச் சிறு உத்தி தெரிந்த நாளில் கிடைத்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. ஆள், நிறுவனம், ஊர் ஆகியவற்றின் பெயர்களைத் தானாகப் பிரித்துக் காட்டும் வசதியும் இதில் உண்டு. அது தமிழுக்கு இல்லை என்பதால் ஆங்கில அறிக்கைகளுக்கு மட்டுமே உதவுகிறது.

உண்மையில் நமக்குத் தேவைப்படுவது நாமே எழுதும் பெயர்ப் பட்டியல்தான். வடசென்னையில் பெயர்கள் அவ்வளவு மாறியிருக்கின்றன. 2001-இல் எண்ணூர் துறைமுகமாகத் தொடங்கியது 2014-இல் காமராஜர் துறைமுகமானது. 2010 நவம்பருக்கு முந்தைய தாள்களில் மின்வாரியம் என்று இருப்பது அதன் பிறகு, 2024 வரை, டான்ஜெட்கோ என்று வரும். 1997-க்கு முன்பு திருவள்ளூர் மாவட்டமே கிடையாது; அந்தக் காலத்துத் தாள் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று சொல்லும். கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-இல் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சிகள். ஆற்றின் பெயரோ கொசஸ்தலை, கொற்றலை, குசஸ்தலை என்று ஆளுக்கு ஒருவிதம்; ஆங்கிலத்தில் அதைவிட அதிகம். இப்படி 140 சொற்களைத் தொகுத்து, தொகுப்புத் தேடல் என்னும் வசதியில் ஒரே கோப்பாகக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தெந்த ஆவணம் என்று ஒரே பட்டியலாக வந்தது. இந்த ஒரு வசதிக்காகவே இம்மென்பொருளை நான் பரிந்துரைப்பேன்.

இனி, நான் தேடியது கிடைத்த விதம். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில், அனுமதியில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். ஒரு தொழிற்சாலையின் அறிக்கைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினேன். சாம்பல் பற்றிய நிபந்தனைக்கு நேராக, 'நிறைவேற்றப்பட்டு வருகிறது' என்னும் பொருள்பட ஒரே ஆங்கில வாக்கியம், எழுத்துப்பிழை உட்பட மாறாமல், அறிக்கைக்கு அறிக்கை வந்துகொண்டிருந்தது. தனித்தனியாகப் படித்திருந்தால் எனக்கு அது உறைத்திருக்காது. இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று பத்துச் சொல் தூரத்துக்குள் வரும் இடங்களை மட்டும் தேடச் சொல்லும் வழி இதில் உண்டு. 'குழாய்' என்பதற்கும் 'மாற்றம்' என்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்களை அப்படி இட்டபோது, அந்த வாக்கியம் ஒரே ஓர் அறிக்கையில் மாறியிருப்பது தெரிந்தது: தேய்ந்த குழாய்களை மாற்றும் பணி நடைபெறுகிறது என்று அதில் இருந்தது. அதற்கு முந்தைய அரையாண்டில் நிபந்தனை நிறைவேற்றப்பட்டு வருவதாக எழுதியவர்களும் அவர்களே. அந்த இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து, ஒரே தாளில் பக்கம் பக்கமாக ஒட்டிப் பஞ்சாயத்தில் கொடுத்தேன்.

தேதி விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மென்பொருள் காட்டும் தேதி, கோப்பு உருவான தேதி. அதாவது, யாரோ ஒருவர் ஸ்கேன் செய்த நாள். 1996-ஆம் ஆண்டின் தாள் 2017 என்று வந்து நிற்கும். எனவே கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாளை முதலில் எழுதிவிட்டு ஏற்றுவது நல்லது. ஓர் அலுவலகத்திலிருந்து வந்த 200 பக்கங்கள் பக்கவாட்டில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன; அவற்றை நிமிர்த்தவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

வரைபடங்களுக்கு இந்தக் கருவி உதவாது. எண்ணூரைப் பொறுத்தவரை இது பெரிய குறை. இங்கே வழக்குகளின் மையம் பெரும்பாலும், கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் எது நீர், எது நிலம் என்பதுதான். அவற்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டினேன். அறிக்கை ஒன்றில் தரிசு என்று குறிக்கப்பட்டிருந்த இடத்தில் ஒருவர் விரலை வைத்து, "இது தரிசு இல்லம்மா, தண்ணி ஏறி எறங்குற எடம். நான் எறா தடவுன எடம்" என்றார். அன்றைக்கே 'தரிசு' என்னும் சொல்லும் அதற்குரிய ஆங்கிலச் சொல்லும் என் பட்டியலில் ஏறின. தேடியதில், அதே பகுதி மற்றோர் அறிக்கையில் சேற்றுநிலம் என்று குறிக்கப்பட்டிருப்பது கிடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆயிரம் பக்கம் என்றால், சட்டப்படி தமிழில் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டுமே. ஆகவே தமிழில் மட்டும் தேடுகிறவருக்கு ஆவணத்தின் மிகச் சிறிய பகுதிதான் அகப்படும். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. எங்களுக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் உதவினார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டக் குறிப்புகளில் பேசியவர்களின் பெயரும், சில சமயம் கைபேசி எண்ணும் இருக்கின்றன. பொது ஆவணம்தான் என்றாலும், தேடல் முடிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தப் பக்கங்களை நாங்கள் மறைத்துவிடுகிறோம். பேசியவர்கள் ஊர்க்காரர்கள், அதே நிறுவனங்களில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு.

8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியும் நிதானமும் இருந்தால் போதும். முதல் வாரத்தைக் கோப்புகளுக்குப் பெயரிடுவதிலும் எழுத்துருக்களைச் சரிபார்ப்பதிலும் செலவிடுங்கள். தேடல் அதற்குப் பிறகு. எண்ணூர், மணலி, கொடுங்கையூர், பழவேற்காடு பற்றிய ஆவணங்களை யாராவது தொகுத்துக்கொண்டிருந்தால், என் 140 சொற்களின் பட்டியலை அப்படியே தரத் தயாராக இருக்கிறேன். உங்கள் ஊரில் அதே இடத்துக்கு வழங்கும் வேறு பெயர்களை அதில் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.