தலாமஸில் எந்த இடம்? ஆன்டீரியர், சென்ட்ரோமீடியன், புல்வினார்: ஓர் ஒப்பீடு

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயில் மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸை மின்முனை வைத்துத் தூண்டுவதென்று முடிவானபின், அதில் எந்த நியூக்ளியஸ் (நரம்பணுக் கொத்து) என்ற கேள்வி வருகிறது. வலிப்பு கிளம்பும் புறணியோடு (மூளையின் மேலடுக்கு) நேரடித் தொடர்புள்ளதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழகிய இலக்கு என்பதற்காக எல்லாருக்கும் ஒரே இடத்தில் மின்முனை வைப்பது தவறு.

ஆதாரத்தில் முந்தி நிற்பது ஆன்டீரியர் நியூக்ளியஸ். 2010இல் வெளியான, இந்த நியூக்ளியஸைத் தூண்டிப் பார்த்த சான்டே (SANTE) ஆய்வில் 110 பேர் இருந்தார்கள். தூண்டல் அளவுகள்: 5 வோல்ட், 145 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 90 மைக்ரோசெகண்ட், 1 நிமிடம் தூண்டல், 5 நிமிடம் ஓய்வு. யாருக்குத் தூண்டல் நடக்கிறது என்பதை மறைத்து வைத்த கண்மறைப்புக் கட்டத்தின் முடிவில், தூண்டப்பட்ட குழுவில் வலிப்பின் இடைநிலைக் (median) குறைவு 40.4%, தூண்டப்படாத குழுவில் 14.5%. நினைவு, உணர்ச்சி சார்ந்த மூளைப்பகுதிகளான சிங்குலேட், ஹிப்போகாம்பஸ் பக்கம் இதன் தொடர்பு வலுவானது. பொட்டு மடல் (மூளையின் பக்கவாட்டு மடல்) வலிப்புக்குப் பலன் தெளிவாகத் தெரிந்ததும் அதனால்தான் என்று தோன்றுகிறது. மனச்சோர்வும் மறதியும் தூண்டப்பட்ட குழுவில் கூடுதலாகப் பதிவாயின. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். இந்த நியூக்ளியஸ் சிறியது, திரவம் நிறைந்த மூளையறையை ஒட்டியது. மின்முனை சற்றே விலகினாலும் அதன் தொடுபுள்ளி (மின்சாரம் வெளிவரும் இடம்) திரவத்துக்குள் போய்விடும்.

சென்ட்ரோமீடியன் முன்மடலோடும் இயக்கப் புறணியோடும் பேசுவது. லெனாக்ஸ்-காஸ்டோ நோய்க்குறியிலும் (குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்) மூளை முழுவதையும் தாக்கும் பொது வலிப்புகளிலும் இதை நாடுகிறார்கள். லெனாக்ஸ்-காஸ்டோ உள்ள 20 பேரை வைத்து நடந்த எஸ்டெல் (ESTEL) ஆய்வில், நாட்குறிப்பில் எழுதிய வலிப்புகளில் வேறுபாடு உறுதிப்படவில்லை. ஈஈஜியில் (மூளையின் மின்னலைப் பதிவு) தெரிந்த வலிப்புகளோ தெளிவாகக் குறைந்தன. இதற்கு ஒரு பெரிய வசதி உண்டு: 6 முதல் 10 ஹெர்ட்ஸில் தூண்டினால், துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கும் அலை புறணியில் எழும். 1942இலேயே டெம்ப்சியும் மோரிசனும் பூனைகளில் விவரித்த இந்த எதிர்வினை, மின்முனை சரியான இடத்தில் இருப்பதற்கு நல்ல அடையாளம். அதிர்வெண்ணை 60க்கு மேல் கொண்டுபோனால் அலை ஒத்திசைவு கலையும். மின்சாரம் பக்கவாட்டில் பரவினால் உடலில் ஊசி குத்துவதுபோன்ற கூச்சம் வரும். அப்போது மின்னளவைக் குறைக்க வேண்டும், இல்லையேல் வேறு தொடுபுள்ளிக்கு மாற வேண்டும்.

பின்பொட்டு மடல், பிடரி மடல் வலிப்புகளுக்குப் புல்வினார். அந்த மடல்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதால் காரணம் பொருந்துகிறது, ஆனால் கையில் இருப்பவை சில நோயாளிகளை வைத்த சிறு ஆய்வுகளே.

தலாமஸுக்கும் புறணிக்கும் இடையிலான தொடர்பைப் பார்க்க மூன்றுக்கும் பொதுவான சோதனை ஒற்றைத் துடிப்பு. அடுத்தடுத்த இரு தொடுபுள்ளிகளுக்கிடையே சில மில்லிஆம்பியர் அளவில், வினாடிக்கு ஒன்று அல்லது அதற்கும் மெதுவாக, 30 துடிப்புகளாவது கொடுத்துப் புறணிப் பதிவைச் சராசரி எடுக்க வேண்டும். துடிப்பை ஒட்டிய முதல் சில மில்லிசெகண்டுகளில் தெரிவது பெரும்பாலும் தூண்டலின் நிழல்தான், அதாவது மூளையின் பதில் அல்ல, தூண்டிய மின்சாரமே பதிவில் விழுந்த தடம். மின்துருவத்தை (நேர், எதிர் முனைகளை) மாற்றிப் பாருங்கள்: நிழல் தலைகீழாகும், மூளையின் பதில் அப்படியே நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே வடிவம் வந்தால் அது மின்புலம் பரவியதன் விளைவாக இருக்கலாம். இருமுனைப் பதிவாக (அடுத்தடுத்த இரு புள்ளிகளின் வேறுபாட்டைப் பார்ப்பது) மாற்றிச் சரிபார்க்க வேண்டும். உறக்கத்தில் எடுத்ததையும் விழிப்பில் எடுத்ததையும் கலக்கக் கூடாது, உறக்கத்தில் அலையின் வடிவமே வேறு. நல்ல எதிர்வினை தொடர்பைக் காட்டும். வலிப்பு குறையும் என்ற உறுதியை அது தராது.