தண்டலா, டெண்டரா, கரும்பலகையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கு வேலை பிரிக்க ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். லோரிக்கு ஒரு ஏஜென்ட் (அவரவர் சார்பில் தானே முடிவெடுக்கும் சிறு புரோகிராம்), சிறுதோட்டக்காரருக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பதுதான் நல்லது, தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். அதனால் இவை தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வது என்பதுதான் என் தலைவலி.

முதலில் தண்டல் முறை. விடியற்காலை தோட்டத்து ஆள்கள் கூடும் பெரட்டுக்களத்தில் தண்டல், அதாவது மேற்பார்வையாளர், ஆள்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பாரே, அதேதான்: நடுவில் ஒரு ஏஜென்ட், மற்றவை சொன்னதைச் செய்யும். எழுத லேசு, பிழை தேடவும் லேசு. அஞ்சாறு லோரிக்கு இதுவே போதும். ஆனால் அந்த ஒன்று படுத்தால் அன்றைக்கு எல்லாமே படுத்துவிடும்.

அடுத்து டெண்டர், அதாவது காண்ட்ராக்ட் நெட். கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980இல் எழுதியது, இன்றும் செல்லுபடியாகிறது. "இந்தத் தோட்டத்தில் மூன்று டன் குலை" என்று தோட்டக்காரர் ஏஜென்ட் அறிவிக்கும், காலியாக இருக்கும் லோரிகள் விலையும் நேரமும் சொல்லி ஏலம் கேட்கும், பொருத்தமானதுக்கு வேலை. எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது ஒரே லோரி நான்கு இடத்தில் ஏலம் கேட்டு நான்கையும் ஜெயித்துவிட்டது! கேட்கும்போதே அந்த நேரத்தை ஒதுக்கி வைத்தால் லோரி சும்மா நிற்கிறது, ஒதுக்காவிட்டால் வாக்குத் தவறுகிறது. கடைசியில் ஏலத்துக்கு 30 விநாடி கெடு வைத்து, அதுவரை மட்டும் ஒதுக்கச் சொல்லிவிட்டேன்.

கரும்பலகை முறை இதைவிடப் பழசு. 1970களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹியர்சே-2 பேச்சுணரியில் வந்தது. யாரும் யாரோடும் நேராகப் பேசுவதில்லை, பொதுப் பலகையில் எழுதுவதும் படிப்பதும்தான். வேலை பிரிக்க இதை வைத்தால் இரண்டு லோரி ஒரே குலைக்குப் போய் நிற்கும். ஆனால் ஆலை வாசலில் எத்தனை லோரி காத்திருக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. அதற்கு மட்டும் பலகை, வேலைக்கு டெண்டர் என்று பிரித்துவிட்டேன்.

ஏஜென்ட்கள் தங்களுக்குள் பேச ஃபிப்பா (FIPA) என்ற தரம் 22 செய்தி வகைகளைக் கொடுக்கிறது. நான் ஏழுதான் எடுத்தேன். அதில் 'மறுப்பு' (வேலையை ஏற்கமாட்டேன்) வேறு, 'தோல்வி' (ஏற்றேன், முடிக்க முடியவில்லை) வேறு; முதலில் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன். மழையில் செம்மண் பாதையில் புதைந்த லோரி 'வேண்டாம்' என்று சொன்னதாகக் கணக்காகி, அந்தக் குலைக்கு மறு ஏலமே போகவில்லை.