மருத்துவமனைக்குப் பணம் வரும் வழிகள்: வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தவனின் குறிப்புகள்

பொது மருத்துவமனைக்கு எந்த முறையில் பணம் கொடுத்தாலும் முதல் வருடம் நன்றாகத்தான் ஓடும். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் அந்த முறையின் குணம் தெரியும். அதற்குள் டாக்டர், கணக்குப் பிரிவு, ஸ்டோர், மேலிடம் என்று எல்லோரும் அதன் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். கணக்குப் பிரிவிலும் மருந்துக் கிடங்கிலும்தான் என் வேலைக்காலம் போனது. தலைப்புவாரி பட்ஜெட், நோயாளிக் கட்டணம், காப்பீட்டு பேக்கேஜ், மொத்த பட்ஜெட் ஆகிய நான்கிலும் பில் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் பழகப் பழக எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிமுக விழாவில் சொல்லப்படும் நன்மைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அதிக காலம் பயன்படுத்தியது தலைப்புவாரி பட்ஜெட். சம்பளத்துக்கு ஒரு தலைப்பு, மருந்துக்கு ஒன்று, கருவி வாங்க ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று, ஜெனரேட்டர் டீசலுக்குக்கூடத் தனியாக ஒன்று. ஒரு தலைப்பில் இருப்பதை இன்னொன்றுக்குத் திருப்ப வேண்டுமானால் மேலிடத்து உத்தரவு வர வேண்டும். பணம் எங்கே போனது என்று கடைசிக் காசு வரை சொல்லிவிடலாம், ஆடிட் வந்தாலும் பயமில்லை. அந்தப் பணத்தால் எத்தனை பேர் குணமானார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் கிடைக்காது. அதைக் கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

ஒருமுறை இரத்த வங்கிக் குளிர்பெட்டியின் கதவு ரப்பர் இற்றுப்போனது. இரத்தம் 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவு சரியாக மூடாததால் வெயில் ஏற ஏற உள்ளேயும் டிகிரி ஏறும், அலாரம் கத்தும். டெக்னீஷியன் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்து விளிம்பில் நீளமாக ஒட்டி, ஒரு மேசையை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார். ரப்பர் மாற்றச் சொற்பச் செலவுதான். ஆனால் பராமரிப்புத் தலைப்பில் பணம் தீர்ந்திருந்தது. கருவி வாங்கும் தலைப்பில் பணம் சும்மா கிடந்தது. சரி, புதுப் பெட்டிக்கே டெண்டர் போட்டோம். புதியது வந்து இறங்கியதும், ரப்பரைத் தவிர வேறு எந்தக் குறையும் இல்லாத பழைய பெட்டி 'பழுது' என்ற சீட்டோடு வராந்தாவுக்குப் போனது. விதிப்படி எல்லாமே சுத்தம்.

நிதியாண்டின் கடைசி மாதக் கதை இந்த முறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். மிச்சப் பணத்தைச் சரண்டர் செய்தால், அதாவது அரசுக்கே திருப்பிக் கொடுத்தால், அடுத்த வருட ஒதுக்கீடு குறையும். ஆகவே கையுறையும் பஞ்சும் மூட்டை மூட்டையாக வந்து குவியும். முதல் மூன்று மாதம் ஒதுக்கீட்டு உத்தரவே வராமல் கடனில் ஓட்டிய அதே மருத்துவமனையில், கடைசி மூன்று வாரம் கிடங்கில் கால் வைக்க இடம் இருக்காது.

நோயாளியிடம் கட்டணம் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1987இல் மாலி நாட்டின் பமாகோவில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் கூடியபோது, மருந்துக்குக் கொஞ்சம் காசு வாங்கி அதைக் கொண்டே மறுபடி மருந்து வாங்கலாம் என்ற யோசனை பெரிதாகப் பேசப்பட்டது. கையில் பணமே இல்லாத நிலையத்துக்கு அது உதவவும் செய்யும். ஆனால் ரசீது போட ஒருவர், விலக்குச் சான்று பார்க்க ஒருவர், வசூலைக் கட்ட ஒருவர் என்று ஆட்களை வைத்த பிறகு நான் பார்த்த இடத்தில் மிஞ்சியது மிகக் குறைவு. வராமலே போன நோயாளிகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. உகாண்டா 2001இல் அரசு நிலையங்களில் கட்டணத்தை நீக்கியபோது ஏழைகளின் வரத்து கிடுகிடுவென்று உயர்ந்தது. கூடவே மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. கட்டணத்தை எடுப்பவர்கள் அந்த இடத்தில் வேறு பணத்தை அன்றைக்கே வைக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அலமாரி காலியாகிவிடும்.

அப்புறம் வந்தது காப்பீட்டு பேக்கேஜ். இன்ன அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை வைத்து, செய்து முடித்ததும் க்ளெய்ம் போட்டுப் பணம் பெறும் முறை. முதல் வருடம் உண்மையிலேயே கொண்டாட்டம். தூசி படிந்து கிடந்த ஆபரேஷன் தியேட்டர் திறந்தது. க்ளெய்ம் பணத்தில் ஒரு பங்கு மருத்துவமனையிலேயே தங்கியதால் உடைந்ததை உடனே சரிசெய்ய முடிந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லோருக்கும் பழகிவிட்டது. வார்டில் ஒருவரைச் சேர்க்கும்போது 'என்ன வியாதி' என்பதற்கு முன்னால் 'எந்த பேக்கேஜில் வரும்' என்ற கேள்வி வந்தது. விலை உள்ள வேலைக்கு ஆள், நேரம், கருவி எல்லாம் ஓடின. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு பேக்கேஜ் இல்லை, ஆகவே கவனமும் இல்லை. இத்தனைக்கும் அவர்களை ஒழுங்காகக் கவனித்தால் பின்னால் பக்கவாதத்துக்கும் டயாலிசிஸுக்கும் போடுகிற க்ளெய்ம் குறையும்.

க்ளெய்ம் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முன் அனுமதிக்கு அனுப்பிய எக்ஸ்ரே மங்கல் என்று காப்பீட்டுத் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் போட்டால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தேதி இல்லை என்று அடுத்தது வரும். இப்படி ஆறப்போட்ட பணத்தை நம்பித்தான் உள்வைப்புக் கம்பி சப்ளை செய்தவரிடம் தவணை சொல்லியிருப்போம். தாமதமாக வருகிற பணம் என்பது குறைவாக வருகிற பணம்தான். சப்ளையர் அடுத்த டெண்டரில் அந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்த்துவிடுவார்.

பேக்கேஜின் பெரிய அண்ணன் நோய்த்தொகுதி முறை. நோய்களையும் சிகிச்சைகளையும் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒரு தொகுதிக்கு ஒரே விலை. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் உருவாக்கிய வகைப்பாடு இது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1983இல் இதற்கு மாறியது. நோயாளிகள் படுக்கையில் கிடக்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன. முழுதாகத் தேறும் முன்பே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற புகாரும் கூடவே எழுந்தது. தொகுதிக் குறியீடுகள் காகிதத்தில் மெல்ல மேலே நகரும், அதாவது அதே நோயாளி எழுத்தில் மட்டும் இன்னும் சீரியஸ் ஆகிவிடுவார் என்று 1981லேயே ஒரு மருத்துவர் எச்சரித்து எழுதியிருந்தார். முறை தேசிய அளவுக்குப் போகும் முன்பே அதன் நோய் கண்டறியப்பட்டுவிட்டது! அப்படிச் செய்வதெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. முன்பு எழுதாமல் விட்ட துணை நோய்களை இப்போது ஒழுங்காக எழுதுகிறார்கள் என்பதும் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரிக்க நல்ல குறியீட்டு ஆடிட் வேண்டும். பணம் கொடுப்பவர்கள் கஞ்சத்தனம் காட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

தைவானில் 1995இல் தேசிய காப்பீடு வந்தது. அங்கே வேலைக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம். செலவு ஏறிக்கொண்டே போனதால் 2002இல் மருத்துவமனைகளுக்கும் மொத்த உச்சவரம்பு வைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து அதிகப் புள்ளி சேர்த்தால் ஒரு புள்ளியின் மதிப்பு இறங்கும். அரசுக்குச் செலவு கட்டுக்குள் வந்தது. மருத்துவமனையின் இடத்திலிருந்து பாருங்கள்: மதிப்பு இறங்குகிறதென்றால், பழைய வருமானத்தைப் பிடிக்க இன்னும் அதிகப் புள்ளி சேர்க்கத்தான் தோன்றும்.

நான் பயன்படுத்தியவற்றில் எனக்குப் பிடித்தது மொத்த பட்ஜெட். வருடத்துக்கு இவ்வளவு, உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் பொறுப்பு. இந்த முறை இருந்திருந்தால் அந்தக் கதவு ரப்பர் ஒரே நாளில் மாறியிருக்கும். ஆனால் இதுவும் பழகும். தொகை உறுதியாகிவிட்டால், வாசலுக்கு வரும் ஒவ்வொரு நோயாளியும் வரவு இல்லாத செலவு. 'அடுத்த மாதம் வாருங்கள்' என்ற வார்த்தை அதிகமாகக் காதில் விழும். கஷ்டமான கேஸ்களைப் பெரிய மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் பழக்கம் வரும். இதைத் தடுக்க எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள் என்பதையும் தொகையோடு கட்ட வேண்டும்.

அதனால்தான் தாய்லாந்தின் கலவையை நான் மதிக்கிறேன். 30 பாட் திட்டம் (பாட் அந்த நாட்டு நாணயம்) என்று உலகம் அறிந்த அந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2001இல் தொடங்கி 2002இல் நாடு முழுக்கப் பரவியது. வெளிநோயாளி சிகிச்சைக்குப் பதிவான மக்களில் தலைக்கு இவ்வளவு, உள்நோயாளிகளுக்கு நோய்த்தொகுதி, அதற்கு மேல் ஒரு மொத்த உச்சவரம்பு. ஒன்றின் கெட்ட குணத்தை மற்றொன்று கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது. 2002 சட்டத்தின்படி சிகிச்சையை 'வாங்குவதற்கு' என்றே சுகாதார அமைச்சகத்துக்கு வெளியே தனி அலுவலகம் வைத்தார்கள். கொடுப்பவரும் செய்பவரும் ஒரே ஆளாக இருந்தால் யார் யாரைக் கேள்வி கேட்பது? பணம் போதவில்லை என்று மருத்துவமனைகள் முறையிடுவது அங்கேயும் நின்றபாடில்லை.

இலக்கு வைத்து நிர்வாகம் செய்வது பற்றி ஒரே ஒரு உதாரணம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் 98 சதவீதம் பேரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்று 2004 வாக்கில் இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது, அது நிஜம். அதோடு, 4 மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்பான நிமிடங்களில் வார்டுக்கு மாற்றப்படுகிறவர்களின் எண்ணிக்கை வரைபடத்தில் கூர்மையாக எழும்பி நின்றது. நோய் கடிகாரம் பார்த்து வருவதில்லை, ஆனால் கோப்பு பார்க்கும்.

நாள்பட்டும் அதிகம் கெடாத ஒன்று உண்டென்றால் மருந்துக் கொள்முதலைத்தான் சொல்வேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைக்கப்பட்டு மறு வருடம் வேலையைத் தொடங்கியபோது வகுத்த முறையைப் பிறகு பலர் எடுத்துக்கொண்டார்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று, மொத்தமாக ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். எடுக்கும் மருந்தின் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். தேவையில்லாமல் எடுத்தால் நம் கணக்குதான் குறையும் என்பதால் யாரும் சொல்லாமலே ஃபார்மசிஸ்ட் இருப்பைப் பார்த்து இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுவார். மருந்தின் மாதிரியை யார் தயாரித்தது என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதே அமைப்பில் இயங்கிய கிடங்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சீக்கிரம் காலாவதியாவதை முன்வரிசையில் அடுக்கும் பழக்கம்கூட சுற்றறிக்கையால் வரவில்லை, பாஸ்புக்கால்தான் வந்தது. குறை இல்லாமல் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்தை எழுதும் டாக்டருக்கும் ஸ்டோருக்கும் நடக்கும் சண்டை ஓயாதது. ஒரே சப்ளையர் கைவிட்டால் எல்லா மருத்துவமனையிலும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு.

மருத்துவத்துக்குச் செலவாகும் பணத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை வீணாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் மதிப்பிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 'முதலில் வீணடிப்பதை நிறுத்துங்கள், பிறகு பணம் கேளுங்கள்' என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கணக்கு எழுத ஆள் வேண்டும், குறியீடு பார்க்க ஆள் வேண்டும், கிடங்குக்குக் கூரை வேண்டும். வீணாவதைக் குறைப்பதற்கே முதலில் செலவாகும்.

கடைசியாக, இந்த முறைகள் எதுவும் தொடாத பெரிய தலைப்பு சம்பளம். நான் பார்த்த மருத்துவமனைகளில் பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகும். நர்ஸ் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் அந்தத் தலைப்பில் பணம் மிஞ்சும், வருட அறிக்கையில் அது 'சிக்கனம்' என்று ஏறும். இரவு ஷிப்டில் இரண்டு வார்டுக்கு ஒரே நர்ஸ் ஓடிக்கொண்டிருந்த வருடத்தில்தான் எங்கள் மருத்துவமனைக்குச் செலவுக் கட்டுப்பாட்டுக்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது.