நாலு சனிக்கிழமை டேட்டா வேர்ஹவுஸ் டிசைன் வகுப்பு, போயிட்டு வந்து எழுதறேன்

நான் சிங்கப்பூர்ல லிட்டில் இந்தியா பக்கம் மளிகை சாமான் இறக்குமதி பண்ற ஒரு கம்பெனில ரிப்போர்ட் வேலை பாக்கறேன். ரெண்டு கடை, ஒரு கிடங்கு, அப்புறம் சாப்பாட்டுக் கடைகளுக்கு மொத்த சப்ளை. டேட்டாபேஸ்ல கேள்வி கேக்கற எஸ்க்யூஎல் தெரியும், டேஷ்போர்டு போடத் தெரியும், ஆனா ஒரு டேட்டா வேர்ஹவுஸை, அதாவது ரிப்போர்ட்டுக்காக எல்லா கணக்கையும் ஒரே இடத்துல சேர்த்து வெக்கற டேட்டாபேஸை, அடியிலருந்து எப்படி யோசிச்சு வரையணும்னு யாரும் சொல்லித் தந்ததில்ல. அதனால பாய லேபார்ல ஒரு பயிற்சி நிலையத்துல நாலு சனிக்கிழமை, காலைல 9லருந்து சாயங்காலம் 5 வரைக்கும் நடந்த வகுப்புல சேர்ந்தேன். குறையும் எழுதப் போறதால நிலையத்தோட பேரைப் போடல.

முதல் நாள் கம்ப்யூட்டரையே தொட விடல. வாத்தியார் ஒரு மளிகைக்கடை ரசீதைப் பெருசா திரையில போட்டாரு. பொன்னி அரிசி 5 கிலோ ரெண்டு மூட்டை 24 வெள்ளி, நல்லெண்ணெய் 5 வெள்ளி, கறிவேப்பிலை 1 வெள்ளி, அடியில மொத்த பில்லுக்கு 3 வெள்ளி தள்ளுபடி. "இதை டேபிள்ல வெச்சா ஒரு வரின்னா என்ன?" அவ்ளோதான் கேள்வி. ஒருத்தர் ஒரு பில்லுன்னாரு, இன்னொருத்தர் பில்லுக்குள்ள ஒரு பொருள்னாரு, பின்னாடி உக்காந்திருந்த அக்கா ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும்னாங்க, முக்கால் மணி நேரம் இதே பேச்சு. டேபிள்ல ஒரு வரி எதைக் குறிக்குதுங்கறதைத்தான் கிரெய்ன்னு சொல்றாங்க. பில்லுக்கு ஒரு வரின்னா அரிசி எவ்ளோ போச்சுன்னு கேக்கவே முடியாது. பொருளுக்கு ஒரு வரின்னா அந்த 3 வெள்ளி தள்ளுபடிய எங்க வெக்கறது? விலைப்படி பிரிச்சா அரிசிக்கு 2 வெள்ளி 40 காசு, எண்ணெய்க்கு 50 காசு, கறிவேப்பிலைக்கு 10 காசு. எல்லாரும் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தோம். பிரிக்காம ஒவ்வொரு வரியிலயும் 3 வெள்ளின்னே வெச்சுட்டா கூட்டும்போது தள்ளுபடி 9 வெள்ளியாயிடும். எங்க பழைய ரிப்போர்ட்ல இதே தப்பு இருந்துச்சு, அது தப்புன்னே எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் டேட்டா வேர்ஹவுஸ் டிசைன்ல பெரிய பேரான ரால்ஃப் கிம்பல் சொல்ற வரிசை. எந்த வேலையை அளக்கறோம், ஒரு வரின்னா என்ன, எந்தெந்தக் கோணத்துல பாக்கறோம், என்னென்ன எண்ணை எடுக்கறோம், இதே வரிசையில. இதே துறையில இன்னொரு பெரிய பேரான பில் இன்மன் வழியும் சொன்னாரு, முதல்ல கம்பெனி முழுசுக்கும் நார்மலைஸ் பண்ணின (ஒரே விவரம் பல இடத்துல வராம பிரிச்சு வெச்ச) ஒரே டேட்டா வேர்ஹவுஸ், அதுலருந்து துறைக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுக்கறது. ஆனா வாத்தியார் மனசு கிம்பல் பக்கம்தான், இன்மனுக்கு ஒரு மணி நேரம் கூட குடுக்கல. டேட்டா வால்ட்ங்கற மூணாவது வழிக்கு இன்னும் கம்மி, 20 நிமிஷம்.

இந்த வகுப்புக்கு நான் காசு குடுத்தது தப்பில்லன்னு சொல்ல வெக்கறது ரெண்டாவது சனிக்கிழமைதான். டேபிள் போடறதுக்கு முன்னாடி படம் வரையறது. பீட்டர் சென் 1976ல கொண்டுவந்த, எது எதோட எப்படி சம்பந்தப்படுதுன்னு காட்டற ஈஆர் படம் நம்மல்ல முக்கால்வாசி பேருக்குத் தெரியும், அது தினசரி பரிவர்த்தனை நடக்கற டேட்டாபேஸுக்கு நல்லா ஒத்து வரும், ஆனா எதை அளக்கறோம் எதை வெச்சு பிரிக்கறோம்ங்கறது அதுல பாத்த உடனே தெரியாது. இத்தாலில போலோன்யா பல்கலைக்கழகத்து ஆளுங்க, கோல்ஃபரெல்லி, மாயோ, ரிட்ஸி மூணு பேரும், 1998ல டைமென்ஷனல் ஃபேக்ட் மாடல்னு ஒண்ணு எழுதினாங்க. நடுவுல அளக்கற விஷயத்துக்கு ஒரு பெட்டி, இதுதான் ஃபேக்ட், அதுக்குள்ள "விற்பனை", கீழ எண்ணிக்கை, தொகை. பெட்டியிலருந்து கோடு கிளம்பி சின்னச் சின்ன வட்டம், தேதி, பொருள், கடை, இந்தக் கோணங்கள்தான் டைமென்ஷன். ஒவ்வொரு வட்டத்துலருந்தும் கிளை போகும், தேதியிலருந்து மாசம், மாசத்துலருந்து வருஷம். டேபிள்களை இணைக்கற ப்ரைமரி கீ, ஃபாரின் கீ எதுவும் கிடையாது, எந்த டேட்டாபேஸ்னு கூட யோசிக்க வேணாம். அதெல்லாம் பின்னாடி ஸ்டார் ஸ்கீமாவா (நடுவுல ஃபேக்ட் டேபிள், சுத்தி டைமென்ஷன் டேபிள்) மாத்தும்போது பாத்துக்கலாம்.

அந்தப் படத்தை ஏ4 பேப்பர்ல வரைஞ்சு திங்கக்கிழமை எங்க கிடங்கு பாத்துக்கற அண்ணன்கிட்ட காட்டினேன். 20 வருஷமா அங்க இருக்கறவரு, டேட்டாபேஸ் பக்கமே போனதில்ல. ஒரு நிமிஷம் பாத்துட்டு, "தம்பி, மொத்த சப்ளை இதுல எங்க? அதுக்கு சாமான் இன்னிக்குப் போகும், பில்லு மாசக் கடைசிலதான வரும்"னாரு. ஆமா. கடையில பில்லும் சாமானும் ஒரே நேரம், மொத்த வியாபாரத்துல ரெண்டும் வேற வேற நாள், ரெண்டையும் ஒரே டேபிள்ல திணிச்சா மாசக் கணக்கு இடிக்கும். தனித்தனி ஃபேக்ட், பொருளும் தேதியும் மட்டும் ரெண்டுக்கும் பொது. டேபிளெல்லாம் கட்டி டேட்டா ஏத்தினதுக்கப்புறம் இது தெரிஞ்சிருந்தா ரெண்டு மாச வேலை போயிருக்கும், அண்ணன் பேப்பர்லயே புடிச்சுட்டாரு.

தேதி டைமென்ஷன் பத்தி ஒரு மதியம் முழுக்க பேசினோம், எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. எங்க வியாபாரத்துக்கு தீபாவளிதான் உயிர். 2023ல தீபாவளி நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31. வெறும் மாசத்தை வெச்சு ஒப்பிட்டா 2024 நவம்பர்ல வியாபாரம் விழுந்த மாதிரி காட்டும், ஆனா நடந்தது பண்டிகை மாசம் மாறினது மட்டும்தான். எங்க முதலாளி அந்த வருஷம் அந்த ரிப்போர்ட்டைப் பாத்து கவலைப்பட்டு சரக்கு ஆர்டரைக் குறைச்சாரு, எனக்கு அது இன்னிக்கும் மனசுல உறுத்தும். வகுப்புல சொன்ன வழி ரொம்ப எளிசு. தேதி டேபிள்ல "தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கு"ன்னு ஒரு நெடுவரிசை. 14 நாள் முன்னாடி, 13 நாள் முன்னாடின்னு வெச்சு ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல போடலாம். பொங்கல், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு எல்லாத்துக்கும் இதே மாதிரி.

மாறிக்கிட்டே இருக்கற விவரத்தை எப்படி வெக்கறதுங்கறதுக்கு சிங்கப்பூர் ஜிஎஸ்டியையே உதாரணமா எடுத்தாரு. 2022 வரைக்கும் 7 சதவீதம், 2023 ஜனவரி 1லருந்து 8, 2024 ஜனவரி 1லருந்து 9. பழசை அழிச்சு 9னு எழுதிட்டா 2022 பில்லுக்கெல்லாம் 9 சதவீத வரி போட்ட மாதிரி ஆயிடும். டேபிள்ல பழைய ரோவை அப்படியே விட்டு, எந்த தேதிலருந்து எந்த தேதி வரைக்கும்னு குறிச்சு, புது ரோ சேர்க்கணும், இதுக்கு டைப் 2ன்னு பேரு. எங்க கம்பெனில தோசை மாவு பாக்கெட்டை ஒரு வகையிலருந்து இன்னொரு வகைக்கு மாத்தினப்போ பழைய மூணு வருஷக் கணக்கும் சேர்ந்து இடம் மாறினது ஏன்னு அப்பதான் புரிஞ்சுது.

கையிருப்பை எல்லா பக்கமும் கூட்டக்கூடாதுங்கறதும் நல்லா சொன்னாங்க. தினமும் 40 மூட்டை இருப்புன்னா 30 நாளைக்கு 1,200 மூட்டை இருந்துச்சுன்னு அர்த்தமில்ல. ரெண்டு கடை இருப்பைக் கூட்டலாம், நாளைக் கூட்டக்கூடாது, சராசரி எடுக்கணும்.

இப்ப குறை. பாடக் குறிப்புல கடை, நகரம், மாநிலம், நாடுன்னு ஒரு படிநிலை. நம்மூர்ல நகரமும் நாடும் ஒண்ணுதான், மாநிலம்னு ஒண்ணே இல்ல! வாத்தியார் அதை மாத்தாமயே ஓட்டிட்டாரு, ஒருத்தர் கேட்டப்புறம்தான் நகர மறுசீரமைப்பு ஆணையம் பிரிச்சு வெச்சிருக்கற 5 வட்டாரம், 55 திட்டப் பகுதிய வெச்சுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. இது குறிப்புலயே இருந்திருக்கணும். காசு வாங்கிட்டு சிங்கப்பூர்ல நடத்தற வகுப்பு இது.

அதைவிடப் பெரிய குறை நாலாவது சனிக்கிழமை. கிளவுட்ல கணக்கு திறக்கறதுலயே மதியம் வரைக்கும் போச்சு, பாதிப் பேருக்கு லாகின் வரல, உதவிக்கு ஒரே ஒரு ஆள். டேட்டாவை எடுத்து, மாத்தி, ஏத்தற ஈடிஎல் பகுதியை ஒரு மணி நேரத்துல அள்ளித் தெளிச்சாங்க, டைப் 2 மாத்தத்தை கையால எழுதிப் பாக்கற பயிற்சி "வீட்ல பண்ணிக்கோங்க"ன்னு முடிஞ்சுது. நான் வீட்ல பண்ணிட்டேன், ஆனா புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க. முந்தின நாளே கணக்கு திறந்துட்டு வரச் சொல்லியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல, கருத்துப் படிவத்துலயும் எழுதிக் குடுத்தேன்.

கட்டணத்துக்கு, 25 வயசான சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் பயிற்சிக்குன்னு குடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டைப் போட்டேன், மிச்சம் கையிலருந்து. 40 வயசு ஆனவங்களுக்கு 2024 மே மாசம் வந்த 4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாது, சேர்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

டூல் கத்துக்கணும்னு போறவங்களுக்கு இது சரிப்படாது. ரிப்போர்ட்ல எண் ஏன் ஒத்து வரலன்னு முழிச்சுக்கிட்டு இருக்கறவங்க கண்டிப்பா போங்க, அஞ்சுக்கு நாலு குடுப்பேன். போகும்போது உங்க இடத்து ரசீது ஒண்ணு, வாடிக்கையாளர் பேரு நம்பரையெல்லாம் அடிச்சுட்டு, கையோட எடுத்துட்டுப் போங்க. மூணாவது வாரம் அதை வெச்சுத்தான் படம் வரையச் சொல்வாங்க, எடுத்துட்டு வராதவங்களுக்கு ஏதோ ஒரு சைக்கிள் கம்பெனி டேட்டாதான் கிடைக்கும்.