டியூபுலரா, லித்தியமா? லோடு போட்டுப் பார்த்தால் தெரியும்

இன்வெர்ட்டரில் சார்ஜ் அளவாக எரியும் நாலு கோடுகளை நம்பி பேட்டரியை எடை போடக்கூடாது. மெயினையும் சோலார் பேனலையும் ஆஃப் செய்து, 100 வாட் குண்டு பல்பு நாலு போட்டு, கடிகாரம் பார்க்க வேண்டும். 24 வோல்ட் இன்வெர்ட்டர் 400 வாட் தருவதற்கு, தன் இழப்பையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 470 வாட் இழுக்கும். அதாவது 20 ஆம்பியர்.

12 வோல்ட் 150 ஏ.ஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி, இரண்டைத் தொடராகப் போட்டால் கணக்குப்படி 3.6 யூனிட். ஆனால் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் குறையும். 150 என்பதும் 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியரில் இறக்கும்போது கிடைக்கும் அளவு. 20 ஆம்பியரில் அது சுருங்கும். ஆகவே மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். 25.6 வோல்ட் 100 ஏ.ஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 80 சதவீதம் மட்டும் இறக்கினாலே நாலேகால் மணி நேரம் தாங்கும். பெட்டியில் எழுதிய ஏ.ஹெச்சை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

லோடு ஓடும்போதே மீட்டரை எடுங்கள். பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்ட் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லக் (வயர் நுனியை முனையில் பூட்டும் உலோகக் கொக்கி) தளர்ந்திருக்கும், அல்லது வயர் மெலிவு. டியூபுலரில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் சரிந்தால் அதில் ஒரு செல் போயிருக்கும். ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தி காட்டும் கருவி) மற்ற செல்களைவிட 0.030 குறைவாகக் காட்டுவதே அந்தச் செல். தண்ணீர் ஊற்றிய கையோடு அளந்தால் தப்பாகக் காட்டும்.

லித்தியத்தில் இந்த நோட்டம் செல்லாது. வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, பிறகு சட்டென்று விழும், பி.எம்.எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) துண்டித்தால் பீப் சத்தமே இல்லாமல் வீடு இருண்டுவிடும். இன்வெர்ட்டரின் கட்-ஆஃபை (பேட்டரி இறங்கியதும் நிறுத்தும் வோல்ட்) 24 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜ் 28.4 போதும். டியூபுலர் மோடிலேயே விட்டால் சில இன்வெர்ட்டர்கள் 31 வரை ஏற்றப் பார்க்கும், பி.எம்.எஸ் கட் ஆகும். 50 ஆம்பியர் பி.எம்.எஸ் என்றால் அரை ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் இழுவையிலேயே விழலாம். அந்த இழுவையை டியூபுலர் அசராமல் கொடுக்கும்.

விலையைவிட நெல்லைக்கு முக்கியம் ஐப்பசியும் கார்த்திகையும். நாள் கணக்கில் வானம் மூடாக்கு போட்டால் பேனல் அரைகுறையாகத்தான் ஏற்றும். அரைச் சார்ஜில் கிடக்கும் டியூபுலரின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். லித்தியத்துக்கு அரைச் சார்ஜ் கெடுதலே இல்லை. ஏற்றியதில் அது திருப்பித் தருவதும் அதிகம். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பேனலை மட்டும் நம்பும் தோட்ட வீட்டுக்கு லித்தியம்தான். பாளையங்கோட்டையில் மெயின் கரண்ட் தினமும் ராத்திரி நிரப்பிவிடும் வீட்டுக்கு டியூபுலரே போதும்; ஆனால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், போர் தண்ணீர் கூடாது. சித்திரை வெயிலில் அறை 37 டிகிரி ஆனால், டியூபுலரின் பூஸ்ட் (முழுதாக ஏற்றும் வோல்ட்) 28.8-ஐ 28.2 ஆகக் குறையுங்கள். குறைக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

எதுவானாலும் தரையில் வைக்காதீர்கள். தாமிரபரணிக் கரைத் தெருக்களில் 2023 டிசம்பர் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேல் இரும்பு ஸ்டாண்ட் அடித்து ஏற்றுங்கள். டியூபுலர் ஜோடி நூறு கிலோவைத் தாண்டும், ஸ்டாண்டின் கால் கனமாக இருக்கட்டும்.