டரெட்டா, பி அச்சு ஸ்பிண்டிலா: இரண்டு மில்-டர்ன் இயந்திரங்களைப் பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

எங்கள் பட்டறையில், கடைசலையும் மில்லிங்கையும் ஒரே இயந்திரத்தில் செய்யும் மில்-டர்ன் இயந்திரங்கள் இரண்டு வகை பல ஆண்டுகளாக அருகருகே ஓடுகின்றன. ஒன்றில் 12 நிலைகள் கொண்ட டரெட் (டூல்களைத் தாங்கித் திரும்பும் தலை), தானே சுழன்று வெட்டும் லைவ் டூல்கள், டூலை மையத்திலிருந்து பக்கவாட்டில் நகர்த்தும் ஒய் அச்சு, பாகத்தை மறுமுனையில் பிடிக்கும் சப் ஸ்பிண்டில் ஆகியவை உள்ளன. மற்றதில் சாய்ந்து திரும்பும் பி அச்சு மில்லிங் ஸ்பிண்டிலும் டூல்களை அடுக்கி வைத்து மாற்றித் தரும் தனி டூல் மேகசினும் உள்ளன. புதிதாக வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் எத்தனை அச்சுகள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அன்றாட வேலையில் எங்களுக்குப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியதோ, ஒரு ஜாப் முடிந்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் எத்தனை டூல்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது என்பதே.

பன்னிரண்டு நிலைகள் தாராளமாகத் தோன்றினாலும், ரஃபிங், ஃபினிஷிங், குரூவிங், திரெட்டிங், போரிங் பார், டிரில் என்று கடைசல் வேலைக்கே பாதிக்கு மேல் போய்விடும். சப் ஸ்பிண்டிலுக்கும் அதே டரெட்டிலிருந்துதான் டூல் கொடுக்க வேண்டும் என்பதால், மில்லிங்குக்கு மிஞ்சுவது மூன்று நான்கு நிலைகள்தான். ஜாப் மாறும்போதெல்லாம் லைவ் ஹோல்டர்களையும் மாற்ற வேண்டும். டரெட்டில் ஹோல்டரை மாட்டும் முறைகளில் விடிஐ, பிஎம்டி என இரண்டு உண்டு. விடிஐ ஹோல்டர் ஒரே ஸ்க்ரூவில் கழன்றுவிடும், ஆனால் மாட்டியபின் டயல் இண்டிகேட்டர் வைத்து நேர்பார்க்காமல் நம்ப முடியாது. பிஎம்டி ஹோல்டருக்கு நான்கு போல்ட்டுகள் என்பதால் நேரம் கூடும். இறுக்கமும் துல்லியமும் அதற்கேற்பக் கிடைக்கும். கனமான மில்லிங் உள்ளவர்கள் பிஎம்டியையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

லைவ் டூலின் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 3 மி.மீ. எண்ட் மில் (மில்லிங் கட்டர்) நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால் வெட்டு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 47 மீட்டர்தான். பி அச்சு ஸ்பிண்டிலில் 12,000 சுற்று கிடைத்தால் அது 113 மீட்டராகிறது. அலுமினியத்தில் சிறிய பாக்கெட்டுகள் வெட்டுவோருக்கு இது பெரிய வேறுபாடு. மேலும், லைவ் ஹோல்டர்களின் சீல் தேய்ந்தால் கூலன்ட் உள்ளே புகுந்து பேரிங்கைக் கெடுத்துவிடும். அதிகம் ஓடும் ஹோல்டருக்கு ஒரு உபரி வைத்திருப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

பி அச்சு இயந்திரத்தில் அடிக்கடி பயன்படும் டூல்கள் மேகசினிலேயே நிரந்தரமாக இருப்பதால், சிறு எண்ணிக்கையில் பலவகைப் பாகங்கள் வரும் பட்டறைக்கு அது மிகவும் பொருந்துகிறது. சாய்வான துளைகளுக்குத் தனி ஆங்கிள் ஹெட்டும் தேவையில்லை. ஆனால், கீழே கூடுதலாக ஒரு டரெட் இல்லாத அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு டூல்தான் வெட்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்பிண்டில் விலகிப்போய்த் திரும்ப வேண்டும். நீண்ட கம்பியைத் தானாக ஊட்டும் பார் ஃபீடரில் ஒரே பாகம் நாள்முழுதும் ஓடும் வேலையில், இரு ஸ்பிண்டில்களிலும் ஒரே நேரத்தில் வெட்டும் இரட்டை டரெட் இயந்திரத்தோடு அதனால் போட்டியிட முடியாது.

மோதல் நேர்ந்தால் வரும் இழப்பும் வேறு. டரெட் சற்று நகர்ந்தால் பெரும்பாலும் தளர்த்தி மறுபடி அலைன் செய்துவிடலாம். மில்லிங் ஸ்பிண்டிலின் பேரிங் அடிபட்டால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். எனவே பி அச்சு வாங்குவோர், அந்த இயந்திரத்துக்கென்றே சரிபார்க்கப்பட்ட போஸ்ட் பிராசஸரும் (கணினியில் தயாரித்த வெட்டுப் பாதையை இயந்திரத்தின் புரோகிராமாக மாற்றும் மென்பொருள்), மோதலைக் கணினியில் முன்கூட்டியே காட்டும், சக், ஹோல்டர் எல்லாம் அடங்கிய சிமுலேஷனும் இயந்திரத்தோடு சேர்த்தே வர வேண்டிய பொருள்கள் என்று கருத வேண்டும். கண்ட்ரோலில் கையால் புரோகிராம் எழுதிப் பழகிய ஆபரேட்டர் டரெட் இயந்திரத்தைச் சமாளித்துவிடுவார். பி அச்சு இயந்திரத்தில் செய்யும் ஐந்து அச்சு வேலைக்கு அந்தப் பழக்கம் போதாது.

ஒய் அச்சை மட்டும் எந்த வகையிலும் விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் ஷாஃப்டில் வெட்டும் சாவிக்குழியின் (கீவே) அகலம் கட்டரின் அளவோடு நின்றுவிடும்; கட்டர் தேய்ந்தால் இரு பக்கச் சுவர்களையும் தனித்தனியே திருத்த வழியில்லை.

விற்பனையாளரிடம் டெமோ கேட்கும்போது, உங்கள் பாகங்களில் வடிவத்தில் வேறுபட்ட இரண்டைக் கொடுங்கள். முதலாவதன் கடைசி நல்ல பாகம் வெளிவந்ததிலிருந்து இரண்டாவதன் முதல் நல்ல பாகம் அளவில் தேறும்வரை ஆகும் நேரத்தை, ஒரு பாகத்தை வெட்ட ஆகும் சைக்கிள் டைமுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.