சுமை வைத்துச் சோதிக்கும் ஹன்டர் ரோடு ஃபோர்ஸ் இயந்திரம்: ஒரு மதிப்பீடு

மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்குகிறது என்று சொன்னால், வழக்கமான கடைகளில் ரிம்மில் சில கிராம் எடையைப் பொருத்தி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அதுவே போதும். அது போதாதபோதுதான் அமெரிக்காவின் ஹன்டர் நிறுவனம் தயாரிக்கும் ரோடு ஃபோர்ஸ் பேலன்சிங் இயந்திரம் தன் கூடுதல் கட்டணத்துக்கு ஈடு செய்கிறது.

சாதாரண இயந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றி, எடை எங்கே கூடியிருக்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. இதுவோ சுழலும் டயரின் மீது ஓர் உருளையை அழுத்தி, காரின் பாரத்தைத் தாங்கி உருளும்போது டயரின் எந்தப் பகுதி விறைப்பாகவும் எந்தப் பகுதி தளர்வாகவும் இருக்கிறது என்பதைக் கண்டறிகிறது. எடை துல்லியமாகச் சமன் செய்யப்பட்டிருந்தாலும், வட்டம் கெட்ட டயர் ஒவ்வொரு சுற்றிலும் அச்சை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். எத்தனை கிராம் சேர்த்தாலும் அது தீராது. டயரின் உயர்ந்த இடத்தை ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு பொருத்த இயந்திரமே வழிகாட்டுவதால், பல நேரங்களில் புது டயரைக் கழித்துப்போட வேண்டியதில்லை. என்னை மிகவும் கவர்ந்த அம்சம் இதுதான்.

ஆயினும், சக்கரத்தைச் சரியாக மையத்தில் பொருத்தாத பணியாளரின் கையில் இதுவும் தவறான அளவையே காட்டும். நெடுநாள் நிறுத்திவைத்த காராக இருந்தால், நின்ற இடத்தில் தட்டையாகிப்போன டயர் சூடேறிப் பழைய வடிவத்துக்குத் திரும்பும்வரை ஓட்டிய பிறகே சோதிப்பது நல்லது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் நடுக்கத்துக்கு இதில் செலவழிக்க வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது பிரேக் டிஸ்க்கை. நடுக்கம் ஸ்டீயரிங்கில் அல்லாமல் சீட்டில் தெரிந்தால், பின்சக்கரங்களை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.